பயணம் முடிந்து வருகிறவருக்கு ஒரு மாலை



மாலை என்றவுடன் பூமாலையை எண்ணிவிடாதிருங்கள். வெளியூர் சென்ற கணவனோ மனைவியோ வீடு திரும்பும் நாளின் முதல் மாலைப்பொழுதைக் குறித்தே இந்த இதழில் உங்களோடு பேச விரும்புகிறேன். இரட்சிப்பையும் பரிசுத்தத்தையும் குறித்து எழுத வேண்டிய போதகர், சாதத்தையும் ரசத்தையும் குறித்து எழுதுகிறாரே என்று சிலர் நினைக்கக்கூடும். நினைத்துக்கொள்ளட்டும். குடும்ப ஆலோசனைக்காக வருகிறவர்களிடம், "இந்த மனத்தாங்கல் எப்பொழுது ஆரம்பித்தது?" என்று கேட்டால், "அவர் வேலையிலிருந்து திரும்பி வந்த அன்றைக்கு" என்றோ, "நான் ஊருக்குப் போய்விட்டு வந்த அன்றைக்கு" என்றோ பதில் வருவது அபூர்வமல்ல. பிரிந்திருந்த நாட்களில் ஒருவருக்காக ஒருவர் கண்ணீரோடு ஜெபித்தவர்கள், சேர்ந்த நாளில் முகத்தைத் திருப்பிக்கொண்டு படுக்கிறார்கள். இது சிறிய காரியமா?

நம்முடைய குடும்பங்கள் பிரயாணத்தின் குடும்பங்கள். திருநெல்வேலியிலும் தூத்துக்குடியிலும் கன்னியாகுமரியிலும் விழுப்புரத்திலும் வேரை வைத்துவிட்டு, மும்பையிலும் புனேயிலும் சூரத்திலும் டில்லியிலும் கிளை பரப்பியவர்கள் நாம். நம்முடைய சபைகளில் கப்பலில் வேலை செய்கிறவர்கள் உண்டு; சரக்கு லாரி ஓட்டுகிறவர்கள் உண்டு; ஜாம்நகருக்கும் ஹஜீராவுக்கும் ஒப்பந்த வேலைக்கு வெல்டராகவும் ஃபிட்டராகவும் போய் மாதக்கணக்கில் தங்குகிறவர்கள் உண்டு; எல்லையில் நிற்கும் இராணுவ வீரர்கள் உண்டு. மறுபுறத்தில், தாயின் வியாதிக்காகவும் தங்கையின் பிரசவத்துக்காகவும் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஊருக்குப் போய்வருகிற சகோதரிகள் உண்டு. மும்பைக்கும் நாகர்கோவிலுக்கும் இடையே ஓடும் விரைவு வண்டியில் ஒன்றரை நாளுக்கும் மேலான பிரயாணம் அது. வழியனுப்புதலும் வரவேற்பும் நமக்கு விசேஷ நாட்களின் காரியமல்ல, இல்லறத்தின் அன்றாட அப்பம்.

ஒரு கணக்கைப் பாருங்கள். மும்பைக் கடற்கரைக்கு மேற்கே சுமார் 160 கிலோமீட்டர் தொலைவில், 1974-ஆம் ஆண்டு எண்ணெய் கண்டறியப்பட்ட பாம்பே ஹை என்ற பகுதியில், கடல் நடுவே எண்ணெய் எடுக்கும் மேடைகள் நிற்கின்றன. அங்கே வேலை செய்கிறவர்களில் பலருக்குப் பதினான்கு நாள் வேலை, பதினான்கு நாள் விடுப்பு என்பதே முறை. அப்படியானால் வருடத்திற்கு 13 முறை அந்த மனிதர் வீட்டு வாசலில் வந்து நிற்கிறார். இருபது வருட ஊழியத்தில் 260 முறை. ஒரு குடும்பத்தின் மகிழ்ச்சியும் கசப்பும் இந்த 260 மாலைகளில் எவ்வளவு உருவாகிறது என்று எண்ணிப்பாருங்கள்.

அப்படிப்பட்ட மேடையில் வேலை செய்த சகோதரர் ஒருவரை அறிவேன். ஜுஹுவில் ஹெலிகாப்டரிலிருந்து இறங்கி, லோக்கல் ரயில் பிடித்து, கல்யாணுக்கு அப்பாலுள்ள தம்முடைய வீட்டுக்கு மாலை ஐந்து மணிக்கு வந்துசேர வேண்டியவர், ஆறரைக்கு வருவார், சிலநாள் ஏழுக்கும் வருவார். மனைவிக்குச் சந்தேகம் பிறந்தது. வேறொரு வீடு இருக்கிறதோ என்று கலங்கி, என்னிடமும் என் மனைவியிடமும் வந்து அழுதார்கள். சகோதரரைத் தனியே அழைத்து விசாரித்தபோது அவர் சொன்னது இது: "ஐயா, கல்யாண் நிலையத்து நடைமேடையில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருப்பேன். வேறெங்கும் போவதில்லை. கதவைத் திறந்தவுடனே வாடகை, சீட்டுப் பணம், சின்னவன் பள்ளிக்கூடத்தில் அடித்துக்கொண்டது, மாமியார் போனில் பேசியது என்று எல்லாம் ஒன்றாய் வந்து மேலே விழும். அதைத் தாங்குவதற்குக் கொஞ்சம் பெலன் சேர்த்துக்கொண்டு போகிறேன்."

தன் சொந்த வீட்டுக்குள் நுழையப் பெலன் தேடி ஒரு மனிதர் ரயில் நிலையத்துப் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார். அவர் துன்மார்க்கர் அல்ல, ஜெபிக்கிற விசுவாசி. அந்தச் சகோதரியும் பொல்லாதவர் அல்ல. பதினான்கு நாள் தாயும் தகப்பனுமாய் நின்று, அதிகாலையில் தண்ணீர் பிடித்து, மார்க்கெட்டுக்கும் பள்ளிக்கும் மருத்துவரிடமும் ஓடி, பேச ஆள் இல்லாமல் நெஞ்சுக்குள்ளே அடைத்து வைத்ததை, ஆள் வந்தவுடனே இறக்கிவைக்கிறார்கள். அவர்களுடைய பக்கத்தையும் நாம் நியாயமாய்ப் பார்க்க வேண்டும். பாரத்தைச் சொல்லவே கூடாது என்று அந்தச் சகோதரிக்கு நாங்கள் ஆலோசனை கூறவில்லை. வாசற்படியில் சொல்லாமல், மறுநாள் காலை ஆகாரத்துக்குப் பிறகு, பிள்ளைகள் பள்ளிக்குப் போனபின் சொல்லுங்கள் என்றோம். அந்த நேரத்தில் தொலைக்காட்சியையும் கைபேசியையும் அணைத்துவிட்டு ஒரு மணி நேரம் முழுமையாய்க் கேட்க வேண்டும் என்று சகோதரரிடம் சொன்னோம். இரண்டும் சேர்ந்தே நடக்க வேண்டும். நாளைக்கு நிச்சயமாய்க் கேட்பார் என்ற நம்பிக்கை இருந்தால்தான் இன்றைக்கு ஒரு மனைவியால் பொறுக்க முடியும். உடனே எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுதினால் அது பொய்யாகும். நாலைந்து வருகைகள் சென்றன. அதற்குப்பின் அந்தப் பெஞ்சு அவருக்குத் தேவைப்படவில்லை.

வேதத்திலே வீடு திரும்பிய கணவனை எதிர்கொண்டுபோன ஒரு மனைவியை 2 சாமுவேல் 6-ஆம் அதிகாரத்தில் காண்கிறோம். உடன்படிக்கைப் பெட்டியை எருசலேமுக்குக் கொண்டுவந்த நாளில், ஜனங்களையெல்லாம் ஆசீர்வதித்து அனுப்பிவிட்டு, தாவீது தன் வீட்டாரை ஆசீர்வதிக்கும்படி திரும்பினான். அதைக் கவனியுங்கள்: ஆசீர்வாதத்தோடு வந்தான். மீகாளோ வாசலுக்கு வெளியே வந்து, பரியாசமான சொற்களால் அவனை எதிர்கொண்டாள். அவனும் சும்மா இருக்கவில்லை. அவளுடைய தகப்பன் வீட்டை இழுத்துப் பதில் பேசினான். மீகாள் சொன்னதைப் பிரசங்கிக்கிற நாம், தாவீது சொன்னதைப் பெரும்பாலும் விட்டுவிடுகிறோம். கர்த்தர் தன்னைத் தெரிந்துகொண்டார் என்று மட்டும் அவன் சொல்லியிருக்கலாம்; உன் தகப்பனைத் தள்ளி என்னைத் தெரிந்துகொண்டார் என்று சேர்த்துச் சொன்னான். வாசலிலே நடந்த அந்த ஒரு பேச்சுக்குப்பின் அந்த வீட்டில் இருவரும் பேசிக்கொண்டதாக வேதத்தில் நாம் வாசிப்பதில்லை.

இப்பொழுது ஆயத்தத்துக்கு வருவோம். பெரிய விருந்து வேண்டாம். இதை அழுத்தமாய்ச் சொல்லுகிறேன், ஏனெனில் நம்முடைய சகோதரிகள் அன்பைப் பாத்திரங்களின் எண்ணிக்கையில் அளக்கிறவர்கள். மார்த்தாள் கெட்ட எண்ணத்தோடு அல்ல, நல்ல எண்ணத்தோடுதான் அடுக்களையில் கலங்கினாள் (லூக்கா 10:38-42). பிரியாணியும் இரண்டு வகைப் பொரியலும் பாயசமும் செய்து முடிக்கும்போது, செய்தவருக்குச் சிரிக்கவும் சத்துவம் இராது. வருகிறவருக்கோ வேறு பசி. பதினான்கு நாளோ மூன்று மாதமோ மெஸ்ஸில் ரொட்டியும் பருப்பும் தின்றவர், அல்லது இரண்டு நாள் ரயிலில் பொட்டலச் சாப்பாடு சாப்பிட்டவர், சுடச்சுடச் சாதமும் மிளகு ரசமும் சுட்ட அப்பளமும்தான் கேட்பார். தூத்துக்குடிக்காரராயிருந்தால் ஒரு துண்டு கருவாடு வறுத்து வையுங்கள். அதற்கு மேல் அவருக்கு ஒன்றும் வேண்டாம். வீட்டில் சமாதானம் இருந்தால் காய்ந்த அப்பத்துண்டும் போதும் என்ற கருத்தை நீதிமொழிகள் 17:1-இல் சாலொமோன் வைத்திருப்பது, விருந்துகளை நன்றாய் அறிந்த ஒரு ராஜாவின் அனுபவ வார்த்தை.

உணவுக்கு முந்தினது தண்ணீர். மும்பையின் பல குடியிருப்புகளில் மாநகராட்சிக் குழாயில் குறிப்பிட்ட சில மணி நேரமே தண்ணீர் வரும் என்பதை நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வருகிறவர் குளிப்பதற்கென்று ஒரு டிரம் தண்ணீரைத் தொடாமல் வையுங்கள். துவைத்த லுங்கியும் துண்டும் கைக்கு எட்டும் இடத்தில் இருக்கட்டும். ஆபிரகாம் கூடாரவாசலில் அந்நியரை வரவேற்ற ஒழுங்கைப் பாருங்கள் (ஆதியாகமம் 18:4,5): முதலாவது கால் கழுவத் தண்ணீர், பின்பு மரத்தடியில் இளைப்பாறுதல், அதன்பின் ஆகாரம். எங்கிருந்து வருகிறீர்கள், என்ன காரியமாய் வந்தீர்கள் என்ற விசாரணை அந்த மூன்றிலும் இல்லை. எலியா சூரைச்செடியின்கீழ் சாகவேண்டுமென்று கேட்டபோதும் தேவதூதன் அவனோடு வாதாடவில்லை. அப்பமும் தண்ணீரும் கொடுத்து, மறுபடியும் தூங்கவிட்டு, மறுபடியும் போஜனம் கொடுத்தான் (1 இராஜாக்கள் 19). "இங்கே உனக்கு என்ன காரியம்" என்ற கேள்வி எலியாவுக்கு ஓரேபில்தான் வந்தது. அதற்குள் நாற்பது நாள் சென்றிருந்தது. நம்மிடத்தில் நாற்பது நிமிடமாவது பொறுமை வேண்டாமா?

பிள்ளைகளைக் குறித்துச் சற்று விரிவாய்ச் சொல்ல வேண்டும். மூன்று மாதம் கழித்து வருகிற தகப்பனைப் பார்த்து ஒன்றரை வயதுக் குழந்தை அலறி அழுவது இயல்பு. "அப்பாவிடம் போ, போ" என்று பிடித்துத் தள்ளாதிருங்கள். தகப்பன் தரையில் உட்கார்ந்து, வேறு எதையாவது கவனித்துக்கொண்டு, குழந்தை தானாக அருகில் வர இடங்கொடுப்பது நல்லது. பெரும்பாலும் அரைமணி நேரத்தில் முதுகில் ஒரு சிறிய கை விழும். வளர்ந்த பிள்ளைகளுக்கு வேறு பிரச்சினை. "அப்பா வரட்டும், உன்னை என்ன செய்கிறார் பார்" என்று பதினான்கு நாளும் பயமுறுத்திவிட்டு, அப்பா வந்தவுடன் ஓடிப்போய்க் கட்டிக்கொள்ள வேண்டும் என்று எதிர்பார்த்தால் எப்படி? வருகிறவரைத் தண்டனை நிறைவேற்றும் அதிகாரியாக்கிவிட்டோம். அந்தப் பிள்ளை கதவுச் சத்தம் கேட்டு மூலையில் ஒதுங்குவதற்கு நாமே காரணம். அதற்குப் பதிலாக, தெருமுனை வரையில் போய் அப்பாவின் பையை வாங்கிவரும் வேலையை மூத்தவனுக்குக் கொடுங்கள். மதிப்பெண் அட்டை அன்று பீரோவுக்குள்ளே இருக்கட்டும்.

தெருமுனைக்குப் போவதும் வேத ஒழுங்குதான். பவுல் கைதியாய் ரோமாபுரியை நெருங்கியபோது, அங்கிருந்த சகோதரர் அப்பியுபுரம் மட்டும் வந்து அவரை எதிர்கொண்டார்கள் (அப்போஸ்தலர் 28:15). ரோமிலிருந்து ஏறத்தாழ 65 கிலோமீட்டர், நடந்துபோகும் காலத்தில். கப்பற்சேதத்தையும் பாம்புக்கடியையும் தாண்டிவந்த அந்த அப்போஸ்தலன் அவர்களைக் கண்டபோதுதான் தேவனை ஸ்தோத்திரித்துத் தைரியமடைந்தார் என்று லூக்கா எழுதுகிறார். குர்லாவுக்கோ தாதருக்கோ போக உங்களுக்கு இயலாமலிருக்கலாம். ஆட்டோ நிற்கிற இடம்வரைக்கும் போகலாமே.

"தினமும் வீடியோ காலில் முகத்தைப் பார்க்கிறோமே, இதெல்லாம் எதற்கு?" என்று இளைய தம்பதிகள் கேட்கிறார்கள். நல்ல கேள்வி. யோவான் தம்முடைய சிறிய நிருபங்கள் இரண்டின் முடிவிலும், எழுத வேண்டியவை அநேகம் இருந்தும் மையினாலும் எழுத மனதில்லை, முகமுகமாய்ப் பேச விரும்புகிறேன் என்ற கருத்தை எழுதுகிறார். அக்காலத்தில் கடிதம்தான் வீடியோ கால். 2020-ஆம் ஆண்டு ஊரடங்கில் கணவன் மும்பையிலும் மனைவி பிள்ளைகள் ஊரிலுமாகச் சிக்கிக்கொண்ட குடும்பங்களைக் கேட்டுப்பாருங்கள். கண்ணாடித் திரையில் தெரியும் முகத்துக்கும் வாசலில் நிற்கும் முகத்துக்கும் என்ன வித்தியாசம் என்று அவர்கள் சொல்லுவார்கள். மேலும், அனுதின அழைப்பில் ஒருவருக்கொருவர் கவலை தராதபடி நல்லதை மட்டும் பேசிப் பழகிவிடுகிறோம். பேசாமல் விட்டவை நேரில் வரும்போது கூடவே வருகின்றன.

துக்கச் செய்தி இருந்தால் என்ன செய்வது? ஊரில் ஒரு மரணம், பிள்ளைக்கு ஒரு வியாதி, வேலை போய்விட்டது. முதல் மாலையைக் கெடுக்க வேண்டாம் என்று மறைப்பது அன்பைப்போலத் தோன்றும். ஆனால் டீக்கடையில் பக்கத்து வீட்டுக்காரர் வாயிலிருந்து அதை அவர் கேள்விப்பட்டால், அந்தக் காயம் செய்தியைவிட ஆழமானது. மரணமானால் தாமதமின்றிச் சொல்லிவிட வேண்டும். மற்றவற்றை, குளித்துச் சாப்பிட்டபின், பிள்ளைகள் இல்லாத நேரத்தில், மெதுவாய்ச் சொல்லுங்கள். கடன், வாடகை ஒப்பந்தம் முடிகிறது, டெபாசிட் கூட்டிக் கேட்கிறார்கள் என்பவை ஒருநாள் காத்திருக்கும். எதை இன்று, எதை நாளை என்று முந்தின நாளே ஜெபத்தில் பகுத்துவையுங்கள்.

இன்னொன்று, சொல்லக் கூச்சமாயிருந்தாலும் சொல்லுகிறேன். வந்தவர் குளிக்கப் போனவுடனே அவருடைய பையைத் திறந்து சோதிப்பதும், கைபேசியில் யாரோடு பேசினார் என்று பார்ப்பதும் சில வீடுகளில் வழக்கமாகியிருக்கிறது. லாபான் யாக்கோபின் கூடாரங்களைத் தடவித் தேடினான் (ஆதியாகமம் 31). தேடினது கிடைக்கவில்லை, மிஞ்சியிருந்த உறவும் போயிற்று. சந்தேகத்திற்கு உண்மையான காரணம் இருந்தால் அதை நேருக்கு நேர் கேளுங்கள், தேவையானால் போதகரையும் மூப்பரையும் வைத்துக்கொண்டு கேளுங்கள். வந்தவர் மதுவின் வாசனையோடு வந்தால், அன்றிரவு வாதாடி அண்டை வீடுகளை எழுப்புவதால் பிரயோஜனமில்லை. சாப்பாடு கொடுத்துப் படுக்கவையுங்கள். ஆனால் மறுநாள் காலை அதைப் பேசாமல் விடாதிருங்கள். அவர் கையோங்குகிறவராயிருந்தால் காரியம் வேறு. பிள்ளைகளோடு பாதுகாப்பான வீட்டுக்குப் போய்விடுங்கள். அங்கே வரவேற்பைப்பற்றிப் பேசுவது என்னுடைய நோக்கமல்ல.

அடுத்து நான் எழுதுவது சில உடன் ஊழியர்களுக்குப் பிடிக்காமற்போகலாம். கணவன் திரும்பி வருகிற மாலை புதன்கிழமை வேதபாடமாகவோ வெள்ளிக்கிழமை உபவாச ஜெபமாகவோ இருந்தால், சகோதரி என்ன செய்ய வேண்டும்? வீட்டில் இருங்கள் என்பதே என் ஆலோசனை. புதிதாய் மணமுடித்தவனை யுத்தத்துக்கு அனுப்பக் கூடாது, ஓராண்டு வீட்டிலிருந்து மனைவியை மகிழச்செய்யட்டும் என்று உபாகமம் 24:5 விதிக்கிறது. இஸ்ரவேலின் யுத்தத்திலிருந்து ஒருவனுக்கு விலக்குக் கொடுத்த தேவன், ஒரு வேதபாடத்திலிருந்து ஒரு குடும்பத்துக்கு விலக்குக் கொடுக்கமாட்டாரா? பாடகர் குழுவுக்கு ஒரு குரல் குறைந்தால் குறையட்டும். அதுபோலவே, வந்திறங்கிய ஆணும் பையை வைத்தவுடன், "பாஸ்டரைப் பார்த்துவிட்டு வருகிறேன்" என்று கிளம்ப வேண்டாம். பாஸ்டர் ஞாயிற்றுக்கிழமையும் இருப்பார். ஸ்தோத்திர ஜெபத்துக்காக என்னை வீட்டுக்கு அழைக்க விரும்பினாலும் அந்த முதல் மாலையில் அழைக்காதிருங்கள். நான் வந்தால் நீங்கள் நல்ல புடவை உடுத்தி, நல்ல பாய் விரித்து, என்னைக் கவனிப்பீர்கள், வந்தவர் ஓரமாய்ச் சுவரில் சாய்ந்து தூங்குவார். உரத்த சத்தத்தோடு விடியற்காலையிலே வாழ்த்துகிறவனைப்பற்றி நீதிமொழிகள் 27:14 சொல்வதையும், வந்த மறுநாள் காலை ஆறு மணிக்கே "பிரெய்ஸ் த லார்ட், வந்துவிட்டீர்களா!" என்று கதவைத் தட்டும் அன்பான சபையார் ஒருமுறை வாசிப்பது நலம்.

கணவர் இன்னும் இரட்சிக்கப்படாதவராயிருந்தால் இது இரட்டிப்பாய்ப் பொருந்தும். மனைவி ஞானஸ்நானம் எடுத்தபின் வீடு திரும்புகிற ஒரு கணவர், உள்ளே பத்துப்பேர் கைதட்டிப் பாடிக்கொண்டிருக்கக் கண்டால், தமக்கு இந்த வீட்டில் இடமில்லை என்றே எண்ணுவார். போதனையில்லாமல் நடக்கையினாலே ஆதாயப்படுத்திக்கொள்வதைப்பற்றிப் பேதுரு எழுதுகிறாரே (1 பேதுரு 3:1), அது இப்படிப்பட்ட மாலைகளுக்காகவே எழுதப்பட்டதுபோல் எனக்குத் தோன்றுவதுண்டு.

குடும்ப ஜெபம் வேண்டாம் என்கிறேனோ என்று கேட்காதிருங்கள். வேண்டும்; ஆனால் குறுகியதாய். ஒரு பாடல், ஒரு சங்கீதம், பிரயாணத்தில் காத்த தேவனுக்கு நன்றி. பத்து நிமிடம். சிறு பிள்ளையும் ஒரு வரி ஜெபிக்கட்டும். ஜெபத்திலே குற்றச்சாட்டுகளை நுழைக்கும் பழக்கம் நம்மிடையே உண்டு: "ஆண்டவரே, இவருக்குக் குடும்பப் பொறுப்பைத் தாரும்" என்று. கண்ணை மூடிக்கொண்டு சொன்னாலும் அது ஆண்டவரிடம் சொன்னது ஆகாது. எதிரில் முழங்காலில் நிற்கிறவரிடம் சொன்னதுதான்.

கணவன் மனைவிக்குத் தனிமையும் தேவை. பத்துக்குப் பதினைந்து அடி அறையில் மாமியாரும் மூன்று பிள்ளைகளும் இருக்க, எங்கே தனிமை என்று சிரிப்பீர்கள். ஆனாலும் 1 கொரிந்தியர் 7:5 தம்பதிகளின் பிரிவு இருவரின் சம்மதத்தோடும் சிலகாலத்துக்கு மட்டும் இருக்க வேண்டும் என்றும், பின்பு கூடிவாழ வேண்டும் என்றும் வெளிப்படையாய்ப் பேசுகிறது. சோதனைக்காரன் நுழையும் வாசல் எது என்று பவுலுக்குத் தெரியும். பக்கத்துக் குடும்பம் ஒன்றோடு ஒப்பந்தம் செய்துகொள்ளுங்கள்: உங்கள் வீட்டுக்காரர் வரும் நாளில் உங்கள் பிள்ளைகள் எங்கள் வீட்டில் இரவுச் சாப்பாடு, எங்கள் வீட்டுக்காரர் வரும் நாளில் எங்கள் பிள்ளைகள் உங்கள் வீட்டில். பணச் செலவில்லாத ஊழியம் இது. எங்கள் பகுதியில் இரண்டு குடும்பங்கள் நெடுநாளாய் இப்படிச் செய்துவருகிறார்கள். மாமியார் இருக்கும் வீடுகளில், தாய்க்கும் அந்த மாலையில் ஒரு பங்கு உண்டு; மகன் முதலாவது அரைமணி நேரம் தாயருகே உட்கார்ந்து எழுந்தால், பின்பு வரும் மணித்துளிகளை அந்தத் தாயே மனமுவந்து மருமகளுக்கு விட்டுக்கொடுப்பார்கள்.

வருகிறவருக்கும் ஒரு வார்த்தை. நீங்கள் விருந்தாளி அல்ல. இறங்கியவுடன், "வந்துவிட்டேன், இன்னும் ஒன்றரை மணி நேரத்தில் வீட்டில் இருப்பேன்" என்று ஒரு போன் செய்யுங்கள். சாதம் எப்பொழுது வடிக்க வேண்டும் என்று தெரியாமல் தவிப்பது ஒரு தனி வேதனை. விலையுயர்ந்த பொருள் வேண்டாம், வழியில் அரைக் கிலோ பழம் வாங்கிக்கொண்டால் போதும். உள்ளே வந்ததும் வீட்டில் மாற்றப்பட்டிருப்பதைக் குறை கூறாதிருங்கள். நீங்கள் இல்லாத நாட்களில் அந்த வீடு நின்றுவிடவில்லை, யாரோ அதை நடத்தினார்கள். உங்கள் பிரயாணக் கதையைச் சொல்லுமுன், "நீ எப்படி இருந்தாய்?" என்று கேட்டு, பதில் முடியும்வரை காத்திருங்கள்.

இதுவரை பெரும்பாலும் கணவன் வருவதையே எழுதினேன். மனைவி வரும் நாள்தான் நம்முடைய வீடுகளில் அதிகமாய்ச் சீர்கெட்டுக் கிடக்கிறது. சகோதரரே, உங்களுக்கே எழுதுகிறேன். தாயை அடக்கம்பண்ணிவிட்டு, இரண்டு பிள்ளைகளையும் மூன்று பைகளையும் இழுத்துக்கொண்டு, ஒன்றரை நாள் ஸ்லீப்பர் பெட்டியில் உட்கார்ந்து வருகிற உங்கள் மனைவி, கதவைத் திறந்ததும் காண்பது என்ன? தொட்டி நிறையக் கழுவாத பாத்திரம், மூன்று வாரத்து அழுக்குத் துணி, காலியான கேஸ் சிலிண்டர். அவள் புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு நேரே அடுக்களைக்குள் போகிறாள். "களைப்பாயிருக்கிறாயா?" என்று நீங்கள் கேட்பதற்குள் பாதிப் பாத்திரம் முடிந்துவிட்டது. பின்பு, "நிலத்தைப்பற்றி உன் அண்ணன்மார் என்ன சொன்னார்கள்?" என்று கேட்கிறீர்கள். தாயை இழந்தவளிடத்தில், அந்த இரவில், அந்தக் கேள்வியைக் கேட்கத்தான் வேண்டுமா?

முந்தின நாளே துணியைத் துவைத்துவிடுங்கள். சிலிண்டரைப் பதிவு செய்து மாற்றிவையுங்கள். சமைக்கத் தெரியாது என்பது காரணமாகாது. மாட்டுங்காவிலும் தாராவியிலும் செம்பூரிலும் அரைத்த தோசை மாவு கடையிலேயே கிடைக்கிறது. ஒரு சட்னி அரையுங்கள், அது கொஞ்சம் காரமாய்ப் போனாலும் அவள் குறை சொல்லமாட்டாள். இயேசுவானவர் உயிர்த்தெழுந்தபின், இரவெல்லாம் வலைபோட்டுக் களைத்த சீஷருக்குக் கரையிலே நெருப்பு மூட்டி மீனும் அப்பமும் ஆயத்தம் செய்திருந்தார் (யோவான் 21:9). அடுப்பு பற்றவைப்பதை நம்முடைய ஆண்டவர் தமக்குக் குறைவாக எண்ணவில்லை.

வண்டி தாமதமானால் கோபப்படாதிருங்கள். ரயில்வேயின் 139 என்ற எண்ணுக்கு அழைத்தால் எங்கே வருகிறது என்று தெரிந்துகொள்ளலாம். தெற்கிலிருந்து புனே வழியாய் வரும் வண்டிகள் கல்யாணில் நிற்கும். அங்கேயே இறக்கிக்கொண்டால் அம்பர்நாத், உல்லாஸ்நகர் குடும்பங்களுக்கு வீண் அலைச்சல் மிச்சம். ஊரிலிருந்து வருகிற பையில் புளியும் கருப்பட்டியும் முறுக்கும் நிச்சயம் இருக்கும். அவற்றை வைக்க அலமாரியில் ஒரு தட்டைக் காலிசெய்து வையுங்கள். அவள் அழுதால் வேதவசனம் சொல்லி அடக்காமல் அழவிடுங்கள், அருகில் இருங்கள். படுக்கப்போகுமுன், நாளை அதிகாலையில் குழாயில் தண்ணீர் வரும்போது எழுந்திருக்கப்போவது நீங்கள்தான் என்பதை அவளுக்குச் சொல்லிவிட்டு, அலாரத்தை உங்கள் தலைமாட்டில் வைத்துக்கொள்ளுங்கள்.